ஒரே பலகையில் மேலும் கீழும் போகும் பட்டைகள்

தென் அமெரிக்க நாடான சுரிநாமின் காட்டாறுகளின் கரையில் வாழும் சரமாக்கா மக்கள், டச்சுத் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். இப்படி விடுதலையைத் தாங்களே எடுத்துக்கொண்ட சமூகங்களை மரூன்கள் என்பார்கள். நெடுங்காலம் போரிட்டு, 1762-இல் டச்சுக்காரர்களை உடன்படிக்கைக்கு இறங்கிவர வைத்தவர்கள் இவர்கள்.

சரமாக்கா ஆண்கள் செதுக்கிய சீப்பிலும் துடுப்பிலும் முக்காலியிலும் நாடா போன்ற பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடுத்ததன் அடியில் நுழைந்து ஓடும். ஆனால் எதுவும் ஒட்டப்பட்டதல்ல, எல்லாம் ஒரே மரம்தான்.

கவராயத்தால் வளைகோடுகளை வரைந்துகொண்டு, பட்டைகளுக்கு வெளியே உள்ள மரத்தை உளியால் தோண்டி எடுக்கிறார்கள். அப்புறம்தான் நுட்பமான வேலை. இரு பட்டைகள் சந்திக்கும் இடத்தில், அடியில் போக வேண்டிய பட்டையை மட்டும் சந்திப்பின் இரு பக்கமும் சரிவாக இழைக்கிறார்கள். மேல் பட்டையின் விளிம்பு அறுபடுவதில்லை. விளிம்பு தொடர்ந்தால் அது முன்னால் இருக்கிறது, அறுபட்டால் பின்னால் போகிறது என்று கண் முடிவு செய்துவிடும். சில மில்லிமீட்டர் சரிவு போதும். தாண்டியதும் பட்டை பழைய உயரத்துக்கு ஏறிவிடுவதால் பலகை தடிமனாக வேண்டியதில்லை.

மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போனால் எங்காவது கணக்கு இடிக்காதா? இடிக்காது. ஒரு சந்திப்பிலிருந்து புறப்பட்ட பட்டை அதே இடத்துக்குத் திரும்பும்போது ஒரு வளையம் உருவாகிறது. அதற்குள் நுழையும் வேறெந்தப் பகுதியும் வெளியேறியே ஆக வேண்டும். அதனால் நடுவில் கடந்த சந்திப்புகள் எப்போதும் இரட்டைப்படை. முதலில் மேலே போனது, திரும்பி வரும்போது தானாகவே கீழே போகும்.

சரி, இந்த வடிவங்களுக்குப் பொருள்? வெளியார் அகராதியே போட்டார்கள்: இது காதல், அது பாம்பு என்று. 1960-களில் சரமாக்காக்களோடு வாழ்ந்த மானிடவியலாளர்கள் ரிச்சர்ட் பிரைஸும் சாலி பிரைஸும் பார்த்தது வேறு. செதுக்குபவர்கள் பெரும்பாலும் பேசியது குறியீடுகளைப் பற்றியல்ல, வேலையின் நேர்த்தியைப் பற்றி. சில வடிவங்களுக்குப் பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயர் ஒரு செய்தியாகிவிடாது.

என் பார்வையில், பொருள் இருப்பது கொடுப்பதில். சீப்பும் துணி துவைக்கும் மட்டையும் ஆண் தன் மனைவிக்கோ காதலிக்கோ செதுக்கித் தருபவை. பெண்கள் பதிலுக்கு ஒட்டுத்துணி தைத்துத் தருகிறார்கள். சுரைக்குடுவைக் கிண்ணங்களின் உட்புறத்தில் செதுக்குவதும் பெண்களின் கலைதான்.