எட்டு வயசுப் பொண்ணுக்கு 10-11 வயசு சைஸ் கவுன் பத்துதுன்னா அவ உடம்புல என்ன தப்பு?

தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், ஒரு அம்மா எட்டு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. "ராத்திரி சோறே வேண்டாங்கறா மேடம், கேட்டா வயித்த வலிங்கறா, பூச்சி மருந்து குடுத்தும் பாத்துட்டனுங்க." வயித்தத் தொட்டுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. முதுகுல ஸ்டெத் வைக்கறப்பதான் கவனிச்சேன், போட்டிருந்த புது கவுன்ல கழுத்துக்குப் பின்னாடி ஒரு ரூபா அகலத்துக்கு ஓட்டை. கிழிசல் இல்ல, கத்தரியில வெட்டின ஓட்டை. லேபிளை வெட்டறேன்னு துணியையும் சேத்து வெட்டிட்டா, தீபாவளித் துணிங்க மேடம்னு அம்மாவுக்கு ஆதங்கம்.

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொல்லிட்டு மெதுவா கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொன்னா: "அதுல 10-11னு போட்டிருந்துச்சு. எனக்கு எட்டுதான்."

கடையில நடந்தது இவ்வளவுதான். 7-8னு போட்ட கவுனை மாட்டிப் பாத்திருக்காங்க, ஜிப் ஏறல, துணி எடுத்துப் போடற அண்ணன் "பாப்பா நல்லா ஊதிருச்சுங்க, பெரிய சைஸ் எடுப்பா"ன்னு மாடிக்குச் சத்தம் போட்டுச் சொல்லிருக்கார், கூட வந்த சித்தி சிரிச்சிருக்காங்க, சித்தி பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவளுக்கு அதே 7-8 பத்திருச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல பேசல. ஆனா அன்னைக்கு ராத்திரியில இருந்து இந்தக் குழந்தை சாப்பாட்டைக் குறைச்சிருக்கா. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்திருக்கேன்.)

அவ உயரம் 136 செ.மீ., எடை 30 கிலோ. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2015-ல வெளியிட்ட வளர்ச்சி சார்ட்ல புள்ளி வச்சுக் காட்டினேன், உயரம் மேல் கோட்டுக்கிட்ட இருக்கு, உயரத்துக்கு எடை சரியா இருக்கு, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற கணக்கு, 16 சொச்சம். அப்பா ஆறடி, அம்மாவும் நல்ல உயரம், பொண்ணு வேற எப்படி இருப்பா? எட்டு வயசுல ஆரோக்கியமா இருக்கற குழந்தைங்களுக்குள்ளயே, சார்ட்டோட கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 20 செ.மீ. உயர வித்தியாசம் இருக்கும், ரெண்டு கோட்டுல இருக்கற குழந்தைங்களுக்கும் சேத்து கடைக்காரங்க கையில இருக்கறது "7-8" ஒண்ணுதான்.

நான் திருப்பூர்ல குழந்தை டாக்டரா இருக்கேன். என்கிட்ட வர்ற அம்மாக்கள்ல பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போறவங்க, லேபிள் பத்தி நான் கத்துக்கிட்டதெல்லாம் அவங்ககிட்டதான். டெய்லரா இருக்கற ஒரு அம்மா ஒரு நாள் குழந்தைக்கு ஊசி போட்டுட்டு உக்காந்திருக்கறப்ப பொறுமையா விளக்கினாங்க. மெயின் லேபிள் தனி, சைஸ் லேபிள் தனி, வாஷ்கேர் லேபிள் தனியா ரோல் ரோலா வரும், பையர், அதாவது துணிக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பற அளவுச் சார்ட்டை வச்சு பேட்டர்ன் போட்டு கட்டிங் முடிஞ்சு வரும், எந்த பண்டில்ல எந்த லேபிள்னு சொல்றாங்களோ அதை வச்சுத் தைப்போம்ங்க, அவ்ளோதான் மேடம்னாங்க. ஐரோப்பாவுக்குப் போற குழந்தைத் துணியில 104, 110, 116, 122ன்னு ஆறாறு சென்டிமீட்டரா ஏறற நம்பர் இருக்கும், அது குழந்தையோட உயரம். அதே லேபிள்ல பக்கத்துல 3-4, 5-6ன்னு வயசும் இருக்கும், அந்த ஊர்க் குழந்தைங்க உத்தேசமா எந்த வயசுல அந்த உயரம் வருவாங்கங்கற கணக்கு அது. ஆர்டர்ல மிஞ்சினது இங்க திருப்பூர்ல இருக்கற காதர்பேட்டைத் துணிச் சந்தைக்கு வருது, நாம வாங்கறோம், ஜெர்மனியில ஒரு குழந்தைக்காகப் போட்ட கணக்கை நம்ம குழந்தை மேல வச்சு "வயசுக்குத் தகுந்த வளர்த்தி இல்ல"ன்னோ "வயசுக்கு மீறிப் பெருத்துட்டா"ன்னோ தீர்ப்பு சொல்லிடறோம். லோக்கல் துணியில 20, 22, 24ன்னு ரெண்டு ரெண்டா ஏறற நம்பர் இருக்குமே, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே குழந்தைக்கு ஒரு கடையில 24, பக்கத்துக் கடையில 28.

நம்ம நாட்டுக்குன்னு சொந்தமா ஒரு அளவு வேணும்னு ஃபேஷன் படிப்பு சொல்லித்தர்ற அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியாசைஸ்'னு ஒரு திட்டம் எடுத்துச்சு, சென்னை உட்பட ஆறு நகரங்கள்ல 25,000 பேரை 3டி ஸ்கேனர்ல அளக்கறது. நல்ல முயற்சி, ஆனா அதுல எடுத்துக்கிட்ட வயசு 15-ல இருந்து 65 வரைக்கும். ஆறு வயசுக் குழந்தை அந்தக் கணக்குலயே இல்ல. இன்னொண்ணு, வீட்ல பையனும் பொண்ணும் இருந்தா ஒரே கம்பெனியோட 6 வயசு டி-ஷர்ட் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சுப் பாருங்க, பல சமயம் பொண்ணோடது இடுப்புல ஒடுங்கலா, கை குட்டையா இருக்கும். அந்த வயசுல ரெண்டு பேர் உடம்புக்கும் அப்படியொண்ணும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூணு வயசுக் குழந்தை ஜீன்ஸ்ல "ஸ்கின்னி" (ஒல்லி)ன்னு எழுதறது யாருக்காக?

இதெல்லாம் புதுசும் இல்ல. அமெரிக்காவுல 1950-கள்ல லேன் பிரையன்ட்ங்கற துணிக் கம்பெனி குண்டான பொண்ணுங்களுக்குன்னு "சப்பெட்ஸ்"னு பேர் வச்சே துணி வித்துச்சு, குண்டான பையங்களுக்கு "ஹஸ்கி" (தடியன்)ன்னு லேபிள். அந்த வார்த்தையைச் சட்டைக்குள்ள சுமந்துக்கிட்டுதான் அந்தக் குழந்தைங்க ஸ்கூலுக்குப் போச்சு. இவ்வளவு சின்ன வயசுல இதெல்லாம் மனசுல ஏறுமான்னு கேக்கறவங்களுக்கு ஒரு ஆராய்ச்சி சொல்றேன், இங்கிலாந்துல 2006-ல வந்தது, அஞ்சரை வயசுல இருந்து எட்டரை வயசு வரைக்கும் 162 பொண்ணுங்க. பார்பி படம் போட்ட கதையைப் பாத்த சின்னப் பொண்ணுங்க, அதைப் பாக்காத பொண்ணுங்களை விட தன் உடம்பு மேல திருப்தி இல்லாம, இன்னும் ஒல்லியாகணும்னு சொன்னாங்க. பொம்மைப் படத்துக்கே இப்படின்னா, கூட்டத்துல நிக்க வச்சு நாம சொல்ற சொல்லுக்கு?

பொண்ணுங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. போன வருஷம் ஒரு ஆறு வயசுப் பையன் வந்தான், நல்ல சித்திரை வெயில், சட்டையைக் கழட்டச் சொன்னா உள்ள ரெண்டு பனியன். அதுக்குள்ள முதுகெல்லாம் வேர்க்குரு. அவனுக்கு 3-4 டி-ஷர்ட்டே தொளதொளன்னு இருக்குன்னு வீட்ல ஆளாளுக்குச் சொல்லிருக்காங்க, ஒல்லிக்குச்சின்னு பேரும் வச்சாச்சு, டின்ல புரோட்டீன் பவுடரும் வாங்கியாச்சு. அவனோட பழைய அளவெல்லாம் எடுத்து சார்ட்ல வச்சா ரெண்டு வயசுல இருந்து அதே கீழ்க் கோட்டை ஒட்டி நேரா ஏறிட்டு வர்றான், நல்லா ஓடறான், விளையாடறான். அவன் சின்ன உருவம், அவ்வளவுதான். அஞ்சாறு வயசு வரைக்கும் குழந்தைங்க கொழுப்பு கரைஞ்சு விலா எலும்பு தெரியும், அதுக்கப்புறம் மெல்ல மெல்ல சதை போடும், ரெண்டுமே இயற்கைதான்.

சரி, என்ன பண்ணலாம்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே இஞ்ச் டேப்ல நெஞ்சு, இடுப்பு, உயரம் மூணையும் எடுத்து போன்ல குறிச்சுக்கங்க. சரியா பத்தற பழைய சட்டை ஒண்ணைப் பையில எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது, புதுத் துணி மேல விரிச்சுப் பாத்தாலே தெரிஞ்சுரும், குழந்தையைப் பத்துத் துணி மாத்தி அழ விட வேண்டாம். கடைக்காரர் "எத்தனை வயசு"ன்னு கேட்டா வயசைச் சொல்லாதீங்க, அளவைச் சொல்லுங்க. ஜிப் ஏறலையா, "இந்தக் கவுன் சின்னதா தைச்சிருக்காங்க கண்ணு, வேற பாப்போம்"னு சொல்லுங்க. இது பொய் இல்ல, நடந்ததே அதுதான். நீ குண்டாயிட்டேன்னு சொன்னாதான் பொய். வீட்டுக்கு வந்ததும் துவைக்கற முறையைப் பாத்துட்டு லேபிளை நீங்களே தையல் ஓரமா பிரிச்சு எடுத்துருங்க, கழுத்துல உறுத்தவும் செய்யாது. எங்க பாட்டி காலத்துல பட்டுப்பாவாடைக்கு உள்ள ரெண்டு மூணு மடிப்பு வச்சுத் தைச்சு, வருஷா வருஷம் ஒரு மடிப்பா பிரிச்சு விடுவாங்க. குழந்தை வளந்தா பாவாடைதான் இறங்கும், அதுல வயசு எங்கயும் எழுதியிருக்காது.

அந்த எட்டு வயசுப் பொண்ணை மாசம் ஒரு தடவை வரச் சொன்னேன். முதல் ரெண்டு தடவை வெயிங் மெஷின்ல ஏறவே மாட்டேன்னா, நானும் கட்டாயப்படுத்தல, பேசிட்டு மட்டும் அனுப்பினேன். மூணாவது தடவை உயரம் அளக்கற சுவர்ல தானாப் போய் நின்னா, 137.5. ராத்திரி தோசை சாப்பிடறாளாம். சித்திகிட்ட அம்மா பேசியாச்சு, இனிமே பிள்ளைங்களை ஒருத்தரோட ஒருத்தர் வச்சு அளக்க வேண்டாம்னு.

எடையைப் பத்தி கவலையே படாதீங்கன்னு நான் சொல்லல. ஆறு மாசத்துல எடை கோடு தாண்டி மேல போனாலோ, கழுத்துக்குப் பின்னாடி கருப்பா வெல்வெட் மாதிரி தடிச்சாலோ, இல்ல எடை ஏறாம நின்னாலோ டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். அதே மாதிரி குழந்தை திடீர்னு சாப்பாட்டை ஒளிக்கறது, கண்ணாடி முன்னாடி வயித்தை எக்கிப் பாக்கறது, வெயில்லயும் ஜாக்கெட்டைக் கழட்டாம இருக்கறது, ஸ்கூல் ஆண்டு விழா டிரஸ் போட மாட்டேன்னு அழறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் திட்டாம கூட்டிட்டு வாங்க.

ஜூன் மாசம் யூனிஃபார்ம் அளவு எடுக்கறப்பதான் எனக்கு இந்த மாதிரி குழந்தைங்க நிறைய வருவாங்க. வகுப்பு மொத்தமும் வரிசையா நிக்கும், டெய்லர் அளந்து "இடுப்பு இருபத்தெட்டு"ன்னு சத்தமா சொல்வார், இன்னொருத்தர் நோட்ல எழுதுவார், பின்னாடி நிக்கற நாப்பது பேருக்கும் கேக்கும். அந்த நம்பரே பட்டப்பேரா வருஷம் முழுக்க ஓடும். பக்கத்துல ஒரு ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட நேர்லயே போய்ச் சொன்னேன், உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. இந்த வருஷம் அங்க லைப்ரரி ரூம்ல ஒவ்வொருத்தரா உள்ள விட்டாங்க, டெய்லர் அண்ணனே அளந்து அவரே சீட்டுல எழுதி மடிச்சு குழந்தை கையில குடுத்தார். நாலு வகுப்பு முடிக்க அரை நாள் கூடுதலா ஆச்சாம். உங்க பிள்ளை படிக்கற ஸ்கூல்ல எப்படி அளக்கறாங்கன்னு இன்னைக்குச் சாயந்திரம் கேட்டுப் பாருங்க.