குதித்துத் தப்பிவிடலாம் என்னும் நம்பிக்கை

சாலைப் பணியிடங்களில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் எனக்கு, கரையோர மண் சரிந்து ரோலர் கவிழ்ந்த விபத்தை விசாரிப்பது புதிதன்று. அண்மையில் நடந்ததிலும் ஆபரேட்டர் கேபினின் எஃகுச் சட்டத்தின் அடியில்தான் கிடந்தார். எச்சரிக்கை மணி ஒலிக்காதிருக்க, சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி, அதன்மீது அமர்ந்து ஓட்டியிருக்கிறார். உடன் வேலை செய்தவர்கள் சொன்னதும் வழக்கமான பதில்தான்: “பெல்ட் போடுவது அவரவர் விருப்பம் சார். கவிழ்ந்தால் குதிக்க வேண்டாமா?”

இந்தக் ‘குதிப்பது’ என்னும் எண்ணம்தான் ஆட்களைக் கொல்கிறது. சாயும் இயந்திரம் தன்மேல் அமர்ந்திருப்பவரையும் சாயும் பக்கத்துக்கே தள்ளும். மேலெழும் பக்கமாக ஏறி வெளியேற எவராலும் இயலாது. ஆகவே குதிப்பவர், இயந்திரம் விழப்போகும் இடத்திலேயே விழுகிறார். அவர் எழுவதற்குள் பல டன் எடை அவர்மேல் இறங்கிவிடுகிறது. கவிழ்கிறது என்பதை உணர்ந்து, முடிவெடுத்து, எழுந்து படியில் கால் வைப்பதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. இருபது ஆண்டு அனுபவம் அந்த நொடிகளை நீட்டித் தராது. உண்மையில், குதித்ததாகச் சொல்லப்படும் பலர் வெளியே வீசப்பட்டவர்களே. நாங்கள் ‘ரோப்ஸ்’ என்று அழைக்கும் எஃகுச் சட்டம், கவிழும்போது ஆபரேட்டரைச் சுற்றி நசுங்காத இடம் ஒன்றைக் காத்துத் தருகிறது. அந்த இடத்துக்குள் அவரை இருத்துவது பெல்ட் மட்டுமே. (சட்டம் இல்லாத பழைய டிராக்டரில் பெல்ட் மட்டும் மாட்டுவது ஆபத்து, முதலில் சட்டத்தைப் பொருத்துங்கள்.)

‘என் உயிர், என் விருப்பம்’ என்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இருக்கையிலிருந்து வீசப்பட்ட ஆபரேட்டரின் இயந்திரம் ஆளில்லாமல் ஓடி, கீழே நிற்கும் கூலித் தொழிலாளியின்மேல் ஏறலாம். காரின் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருப்பவர், மோதலின்போது முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகில் போய் மோதுவார். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில், பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்த, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் உடன் இருந்தவரும் இறந்தனர்; பெல்ட் அணிந்து முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தனர். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பதையும், மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதம் என்பதையும் இன்னும் எத்தனை முறை சொல்வது?

பத்தடி நகர்த்துவதானாலும் பெல்ட்டை மாட்டுங்கள். பட்டை வயிற்றின்மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் இறுகப் படியட்டும். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி சாயத் தொடங்கினால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்த்திசையில் உடலைச் சாய்த்து உள்ளேயே இருங்கள். ஒப்பந்ததாரர்களே, பக்கிள் உடைந்த இயந்திரத்தைத் தயவுசெய்து வேலைக்கு அனுப்பாதீர்கள். விபத்தில் இழுபட்ட பெல்ட்டைக் கழுவி மீண்டும் பொருத்தாமல், புதிதாக மாற்றுங்கள்.