காலில் விழவைப்பதை வட்டம் என்று சொல்லாதீர்கள்

"ஊர் முன்னால காலில் விழ வச்சாச்சு, அபராதமும் கட்டியாச்சு. இன்னும் திருந்தலைங்க." காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கடைசியாக வந்தவன் பதினாறு வயதுப் பையன். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஏறிக் குதித்து, பித்தளைச் சாமான்களை எடுத்துப் பழைய சாமான் கடையில் விற்றுவிட்டான். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கோயில் வாசலில் ஊர் கூடியது. தாய்மாமன் அறைந்தார். பையன் காலில் விழுந்ததை யாரோ செல்போனில் எடுக்க, அது அவன் வகுப்பு வாட்ஸப் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் என்னிடம் கூட்டி வந்து, "நீங்களும் வட்டமா உட்கார வச்சுப் பேசுவீங்களாமே, அதைத்தான் நாங்களும் பண்ணினோம்" என்கிறார்கள். இல்லவே இல்லை. நாங்கள் வட்டம் என்று சொல்வது, தவறு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் குடும்பத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதை.

பஞ்சாயத்தில் தீர்ப்பு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. பையன் வாய் திறந்தால் "எதிர்த்துப் பேசுறியா" என்பார்கள். வட்டத்தில் தீர்ப்புச் சொல்ல ஆளே கிடையாது. பஞ்சாயத்தில் ஊரின் மானம்தான் பேச்சு. வட்டத்தில் கேள்வி வேறு: என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்வது? அந்த வீட்டைப் பெருக்கி, சாவி வைத்திருந்த அப்பத்தாவைக் கோயில் வாசலில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையிலிருக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். பையனுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் வட்டத்தில் அவர் அதைச் சொன்னபோதுதான், தான் செய்தது யார் தலையில் விடிந்தது என்று அவனுக்குப் புரிந்தது. வீட்டுக்காரர்களுக்குத் தானே போன் செய்து, அப்பத்தாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொன்னான். அவனை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

இது நான் கண்டுபிடித்த முறையல்ல. 1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் 22 சொத்துகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்கள், நீதிபதியின் உத்தரவுப்படி பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்துப் பேசி நஷ்டஈடு கொடுத்தார்கள். நியூசிலாந்து 1989இல் மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி, குடும்பத்தைக் கூட்டிப் பேசுவதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. நம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் குழு ஆலோசனைக்கும் சமூக சேவைக்கும் இடமிருக்கிறது.

வட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். பெரும்பாலான வேலை அங்கேதான். பாதிக்கப்பட்டவர் வர விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. பையனுக்கும் அப்படியே. ஒரு பொருளைக் கைமாற்றுவோம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். தாய்மாமன்களுக்கு இதுதான் பெரிய சோதனை. தயவுசெய்து பையனுக்குப் பதிலாக நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களே, "நான் பணம் அனுப்பிடுறேன், முடிச்சிடுங்க" என்று சொல்லாதீர்கள். வீடியோ காலிலாவது உட்காருங்கள். வயது கேட்காமல் சாமானை வாங்கிய கடைக்காரரும் வந்திருக்க வேண்டும். வர மறுத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் வட்டம் போடவும் கூடாது. பாலியல் வன்முறை என்றால் பேச்சே இல்லை, போக்சோ சட்டப்படி புகார்தான். அதைக் குடும்பத்துக்குள் பேசி முடிக்க நினைப்பது குற்றத்தை மறைப்பது. போலீசுக்குப் போன விஷயத்தை வட்டம் முடித்துவைக்காது. சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம்தான் முடிவு செய்யும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை லாக்கப்பில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

படம் எடுக்காதீர்கள். விசாரணையில் இருக்கும் சிறுவனின் பெயரையோ முகத்தையோ வெளியிட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊர்க் கூட்டத்துக்கு ஆள் அனுப்புமுன் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு போன் செய்யுங்கள். கூட்டம் ஏற்கெனவே நடந்து முடிந்து, பையன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் வட்டம், மன்னிப்பு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அவனைத் தனியாக விடாமல் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பார்கள்.