வாட்டைக் கூட்டினால் தூரம் கூடிவிடுமா? டார்ச்சை மாற்றியமைக்கும் முன் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள்

டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து "இதுல இன்னும் பெரிய பல்பு போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்களிடம், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். காலடியில் பாதை தெரிந்தால் போதுமா, தொலைவில் நிற்பது மரமா மனிதரா என்று தெரிய வேண்டுமா? பெரும்பாலும் "ரெண்டும் வேணும்" என்பார்கள். பல்பைச் சுற்றிக் கிண்ணம்போல நின்று ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது இரண்டும் நன்றாக அமையாது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் பல்பைப் பற்றிப் பேச முடியும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த எண் சொல்லாது. தூரத்தைச் சொல்வது கேண்டெலா, அதாவது ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கணக்கில் தூரம் கிடைக்கும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். அதாவது தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். அந்தத் தூரத்தின் முடிவில் விழுவது வெறும் 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். ஆள் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அந்தத் தூரத்தில் பாதியைத்தான் நம்பலாம்.

கேண்டெலாவைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, ஒளி பிறக்கும் புள்ளி எவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு கூர்மையாக எரிகிறது என்பது. இன்னொன்று, ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம் என்பது. அதே எல்இடிக்கு இரண்டு மடங்கு விட்டமுள்ள ரிஃப்ளெக்டர் போட்டால் பரப்பு நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. ஆனால் 7 மில்லிமீட்டர் சதுரமுள்ள பெரிய எல்இடியைச் சின்ன ரிஃப்ளெக்டரில் வைத்தால், லூமென் கொட்டினாலும் எல்லாம் முன்னாலேயே பரவிவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் அளவே உள்ள எல்இடி அதில் சிறு பங்கு லூமென் கொடுத்தாலும், அதே ரிஃப்ளெக்டரில் வெளிச்சத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதை நம்பாதவர்களுக்கு இரண்டையும் சுவரில் அடித்துக் காட்டிவிடுவேன். அதற்கு மேல் வாதம் இருக்காது.

உள்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் ரிஃப்ளெக்டர் தூரத்துக்கு. ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருப்பது கொஞ்சம் தூரத்தைத் தின்றுவிட்டு, வட்டங்களையும் கறைகளையும் கலைத்து மென்மையான வெளிச்சம் தரும். இழை சூடாகி ஒளிரும் ஹாலஜன் பல்பில் அந்த இழை குறுக்காகப் படுத்திருந்தால் ஒளிக்கற்றை நீள்வட்டமாகக் கோணிக்கொண்டு விழும். அங்கே புள்ளி ரிஃப்ளெக்டர்தான் மானத்தைக் காப்பாற்றும்.

எல்இடியையும் இழை பல்பையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இழை எல்லாப் பக்கமும் ஒளிவிடும், அது ரிஃப்ளெக்டருக்குள் சற்று உயரத்தில் நிற்கும். எல்இடியோ முன்பக்கம் மட்டுமே ஒளிவிடும், தட்டையாக அடியில் உட்காரும். இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியை வைத்தால் குவியம் தவறி, நடுவில் இருட்டுப் பொட்டோடு ஒரு வளையம் விழும். அரை மில்லிமீட்டர் உயர வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க விளக்கை எரியவிட வேண்டியதே இல்லை. அணைத்த டார்ச்சை நிறுத்திவைத்துச் சில மீட்டர் தள்ளி நேரெதிரே நின்று பாருங்கள். ரிஃப்ளெக்டர் முழுக்க எல்இடியின் மஞ்சள் நிறம் நிரம்பித் தெரிந்தால் குவியம் சரி. ஓரத்திலோ நடுவிலோ வெள்ளி நிறம் தெரிந்தால் உயரத்தை மாற்ற வேண்டும்.

ரிஃப்ளெக்டரின் அடிப்பகுதிக்கும் எல்இடிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். எல்இடியை நடுவில் நிறுத்துவது மட்டும் அதன் வேலை இல்லை. அலுமினிய ரிஃப்ளெக்டர் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆகாமல் தடுப்பதும் அதுதான். உயரத்தைக் குறைக்கிறேன் என்று இதைத் தேய்ப்பவர்கள், மூடும் முன் ஷார்ட் ஆகிறதா என்று மல்டிமீட்டர் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்புறம், ரிஃப்ளெக்டரின் உள்பக்கத்தைத் துணியால் துடைக்காதீர்கள். அந்தப் பளபளப்பு மிக மெல்லிய பூச்சு, ஒரே துடைப்பில் கீறிவிடும். தூசியை ஊதித் தள்ளினால் போதும்.

ஹாலஜனுக்கு வந்தால் கணக்கே வேறு. மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும், பல்பின் ஆயுளோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய மூன்று லித்தியம் செல்கள் வரிசையில் 12.6 வோல்ட், 12 வோல்ட் பல்பு அதைத் தாங்கும். நான்கு செல் போட்டால் 16.8 வோல்ட், சுவிட்சைத் தட்டியதும் ஒரு நீல மின்னல், அவ்வளவுதான். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால் அந்த முதல் கணத்தில் வழக்கமானதைப்போலப் பத்து மடங்கு வரை மின்னோட்டம் பாயும். வெளிச்சத்தை மெதுவாக ஏற்றும் சர்க்யூட் இருந்தால் பல்பு பிழைக்கும். பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் கருகி, குவார்ட்ஸ் கண்ணாடி அந்த இடத்தில் பலவீனமாகிவிடும்.

100 வாட் ஹாலஜனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதி வெப்பம்தான். டார்ச்சோடு வந்த பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் ஓரிரு நிமிடத்தில் நெளியும், முன் பிளாஸ்டிக் மூடி உருகும். அலுமினிய ரிஃப்ளெக்டர், வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, பீங்கான் ஹோல்டர் மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஹோல்டர் வாங்கும்போது பல்பின் இரு ஊசிகளுக்கும் இடைவெளி 4 மில்லிமீட்டரா 6.35 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளுங்கள். பல்பின் கழுத்து ரிஃப்ளெக்டரின் துளைக்குள் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். துளையைப் பெரிதாக்கினால் நல்ல ஒளியைத் திருப்பும் பரப்பைத்தான் இழக்கிறோம்.

எல்லாம் சரியாகப் போட்டும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் ஸ்பிரிங்கையும் சுவிட்சையும் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட்டில் 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கும் மேல். வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.8 வோல்ட் காணாமல் போகும், ஆறு வாட்டுக்கும் மேல் அந்தச் சின்ன ஸ்பிரிங்கிலேயே சூடாகும். ஸ்பிரிங்கோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்து சால்டர் செய்தால் பெரும்பாலும் தீரும்.

பேட்டரியில் மட்டும் நான் யாருக்கும் இளக்கம் காட்டுவதில்லை. வரிசையில் போடும் செல்கள் ஒரே வகை, ஒரே வயது, ஒரே சார்ஜ் அளவில் இருக்க வேண்டும். ஒன்று முன்னதாகக் காலியானால் மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கும். லித்தியம் செல்லில் அது வாயுவிலும் தீயிலும் முடியலாம். தண்ணீர் புகாமல் இறுக்கி மூடிய உலோகக் குழாயில் அந்த வாயு வெளியேற வழியில்லை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தெடுத்த செல்லைக் கொண்டுவந்து "இதையே போடுங்க" என்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இவ்வளவு ஆம்பியர் தரும் என்று தயாரிப்பாளர் சொல்லாத செல்லை இந்த மாதிரி டார்ச்சில் போடவே கூடாது.

மாற்றி முடித்ததும் முதல் முறை எரியவிடும்போது டார்ச்சைத் தீப்பற்றாத தரையில், பக்கவாட்டில் சுவரைப் பார்க்க வையுங்கள். அரை நிமிடம் எரித்து அணைத்து, தலைப்பகுதியையும் வால்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். எல்இடியாக இருந்தால் தலை சூடாவது நல்லது, வெப்பம் வெளியே வருகிறது என்று அர்த்தம். வால் சூடானால் சுவிட்சைத் திறந்து பாருங்கள். ஹாலஜன் டார்ச்சை எரியும்போது முகம் குப்புற எங்கும் வைக்காதீர்கள். பையில் போடுவதற்கு முன் செல்களைக் கழற்றிவிடுங்கள். பைக்குள் சுவிட்ச் தானாக அமுங்கினால் துணி கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது.