மாடு சினைப்பிடிக்கவில்லையா? ஹார்மோன் சிகிச்சையும் அரசு தரும் உதவிகளும்

கன்று ஈன்று மூன்று மாதம் தாண்டியும் பருவத்துக்கு வராத மாடு, மூன்று முறைக்கு மேல் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்காத மாடு, வயதும் எடையும் வந்தும் கத்தாத கிடாரி. இவற்றுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் மலடு நீக்கச் சிகிச்சை உண்டு. கால்நடைப் பாதுகாப்புத் திட்ட முகாம் உங்கள் ஊருக்கு வரும்போது சினைப் பரிசோதனை, குடற்புழு நீக்கம், மலடு நீக்கச் சிகிச்சை எல்லாம் இலவசம். மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிப் போக முடியாத நிலையில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் 2014 டிசம்பரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். அதன் கீழ் 2019 செப்டம்பரில் நாடு தழுவிய செயற்கைக் கருவூட்டல் திட்டம் வந்தது. செயற்கைக் கருவூட்டல் 50 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள மாவட்டங்களில் வீட்டு வாசலிலேயே இலவசமாகச் சினை ஊசி போடுவது அதன் வேலை. பயனடைய மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த தோடு இருக்க வேண்டும். ஊசி போட்ட நாளும் காளையின் எண்ணும் அந்த எண்ணில்தான் பதிவாகும். கிடாரிக் கன்று பெறுவதற்கான பாலினம் பிரித்த விந்துக்கும் கோகுல் மிஷனில் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அந்த விந்து அடைத்த குச்சியில் உயிரணு எண்ணிக்கை குறைவு என்பதால், நன்றாகப் பருவம் காட்டும் ஆரோக்கியமான கிடாரிக்கே அதைக் கேளுங்கள். பலமுறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு அது வீண்.

இனி, மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் ஹார்மோன் ஊசிக்கு வருவோம். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி இதை முடிவு செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர். கடையில் மருந்தை வாங்கி யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்வது ஆபத்து. சினை மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் (சூலகத்தின் மஞ்சள் திரளைக் கரைத்துப் பருவத்தை வரவழைக்கும் ஹார்மோன்) போட்டால் கரு கலைந்துவிடும். ‘பருவத்துக்கு வரவில்லை’ என்று கொண்டுவரப்படும் மாடுகளில் சில ஏற்கெனவே சினையாக இருக்கும். ஆகவே ஊசிக்கு முன் ஆசனவாய் வழியாகக் கைவிட்டுக் கருப்பையையும் சூலகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. புரோஸ்டாகிளாண்டின் மருந்தைக் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது. தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும்.

பரவலாகச் செய்யப்படும் முறை ஓவ்சிங்க். ஹார்மோன் ஊசிகளால் முட்டை வெளிவரும் நேரத்தை நிர்ணயித்து, குறித்த நேரத்தில் சினை ஊசி போடும் முறை இது. முதல் நாள், முட்டையை வெளிவரச் செய்யும் பியூசரலின் 10 மைக்ரோகிராம் (மில்லிக்கு 4 மைக்ரோகிராம் உள்ள புட்டியில் 2.5 மில்லி). அதிலிருந்து ஏழு நாள் கழித்து, புரோஸ்டாகிளாண்டின் வகையான குளோப்ரோஸ்டெனால் 500 மைக்ரோகிராம் (மில்லிக்கு 250 மைக்ரோகிராம் என்றால் 2 மில்லி). அதற்கு 56 மணி நேரம் கழித்து மறுபடி பியூசரலின். அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்துக்குள் சினை ஊசி. எல்லா மருந்தும் தசையில்தான். திங்கள்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கினால், அடுத்த திங்கள் காலை 8-க்கு இரண்டாம் ஊசி, புதன் மாலை 4-க்கு மூன்றாவது, வியாழன் காலை 8-லிருந்து 12-க்குள் சினை ஊசி. தொடங்கும் முன்பே இந்த நாட்களில் விடுமுறை குறுக்கிடுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். ஒரு நாள் தள்ளினால் முழுச் சுற்றும் வீணாகலாம்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த முறையில் மாடு கத்தாமலும் பிறப்புறுப்பிலிருந்து வழும்பு (கோழை போன்ற திரவம்) தொங்கவிடாமலும் இருக்கலாம். ‘பருவமே வரவில்லையே’ என்று சினை ஊசியை விட்டுவிடாதீர்கள், குறித்த நேரத்தில் போட்டே ஆக வேண்டும்.

புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போடும் முறையும் இருக்கிறது. சூலகத்தில் மஞ்சள் திரள் (முட்டை வெளியான இடத்தில் உருவாகும் திசு) முதிர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும்; பருவம் முடிந்த முதல் ஐந்து நாட்களில் போட்டால் பலனில்லை. அதனால்தான் 11 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. பருவமே இல்லாமல் சூலகம் ஓய்ந்து கிடக்கும் மாட்டுக்குப் புரோஜெஸ்டிரோன் சாதனத்தைப் பிறப்புறுப்பில் ஏழு முதல் ஒன்பது நாள் வைத்து எடுப்பார்கள். வெளியே தொங்கும் நூலை மற்ற மாடுகள் கடித்து இழுத்துவிடும், தனியாகக் கட்டுங்கள்.

எலும்பு தெரியும் மாட்டுக்கு எந்த ஹார்மோனும் கைகொடுக்காது. முதலில் குடற்புழு நீக்கம், தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை, பசுந்தீவனம். வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இல்லாமல் வெண்மையாகவோ சீழ் கலந்தோ வந்தால் கருப்பையில் தொற்று. அதை ஆற்றிவிட்டுத்தான் மற்றது.

பால் கறக்கும் நேரத்தில் போடும் ஆக்சிடோசின் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் விதத்தில் பால் பெருக்க ஊசி போடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 12-ஆம் பிரிவின்படி குற்றம்: 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சினை ஊசிக்குப் பின் 18 முதல் 24 நாளுக்குள் மாடு மறுபடி பருவம் காட்டுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காட்டாவிட்டால் 60 நாள் கழித்துச் சினைப் பரிசோதனை. இரண்டு சுற்றும் பலிக்காவிட்டால் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை கேட்டு, சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அருகில் உள்ளதற்குச் செல்லுங்கள். காதுத் தோட்டின் எண், கடைசியாக ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதிகள் மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.