தண்ணீருக்கு வழிவிடுவது நாம் போடும் துளைதான்

கொழும்புக்கு வடக்கே முகத்துவாரம், மட்டக்குளி, திக்கோவிட்ட பக்கம் பழைய பைபர் படகு வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் இன்ஜினையும் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இன்ஜின் பூட்டும் பின்பலகையை. பல படகுகளில் அதன் வெளியே பைபர், உள்ளே பிளைவுட். பைபர் உக்காது, மரம் உக்கும். இன்ஜினைச் சாய்த்து அதன் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிடித்து அமத்துங்கள். பலகை அசைந்தால் அந்தப் படகில் கடலுக்குப் போகவேண்டாம்.

பெரிய படகுகளின் மேல்தட்டிலும், சிலவற்றின் உடலிலும், இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ பிவிசி ஃபோமோ வைத்து ஒட்டியிருப்பார்கள். பாரம் கூடாமல் விறைப்பு கிடைக்கும். நல்ல முறைதான், ஆனால் ஒட்டு விடாதவரைதான் அந்த விறைப்பு. ஃபோம் உக்காது என்பது சரி. தண்ணீர் தேங்கினால் அதிலும் ஒட்டு விடும்.

தண்ணீர் பெரும்பாலும் துளை வழியாகத்தான் இறங்குகிறது. கயிறு கட்டும் கொக்கி, கைப்பிடிக் கம்பி, மீன் பார்க்கும் கருவியின் சென்சர் என்று ஒவ்வொன்றுக்கும் துளைக்கிறோம். கொஞ்சம் சிலிக்கன் பூசி போல்ட்டை இறுக்கிவிடுகிறோம். இன்ஜின் அதிர்வில் சிலிக்கன் விடும், மரத்தின் வெட்டு முகம் தண்ணீரை உறிஞ்சும். அப்படிப்பட்ட போல்ட்டைக் கழற்றினால் பிளேன் டீ நிறத்தில் தண்ணீர் வடியும்.

சரியான முறை அதிக வேலையில்லை. துளையைப் பெரிதாகப் போட்டு, சுற்றியுள்ள மரத்தைத் தோண்டி, கெட்டியான எபொக்சியால் (கலந்தால் இறுகும் பிசின்) நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவே போல்ட்டின் அளவுக்குத் துளையுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் அந்த இடத்தில் மரமே வேண்டாம், முழுக்க பைபராக அடுக்கவேண்டும்.

சோதிக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியல் போதும். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும், ஒட்டு விட்ட இடம் 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும். அந்த எல்லையை சோக்கால் கீறிக்கொள்ளுங்கள். ஈரம் அளக்கும் மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். உப்பும், படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பெயின்ட்டும் அதை ஏமாற்றும். சந்தேகமிருந்தால் உள்பக்கத்திலிருந்து சிறு துளை போட்டு, வரும் தூளை விரலால் நசுக்கி ஈரமா என்று பாருங்கள். பார்த்த கையோடு அந்தத் துளையை எபொக்சியால் அடையுங்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது, நனைந்த மரத்தின் மேலேயே இன்னொரு மெட் (பைபர் நார் விரிப்பு) ஒட்டிப் பெயின்ட் அடிப்பது. ஈரம் உள்ளேயே அடைபட்டு மிச்ச மரத்தையும் தின்னும். ஒரு பக்கத் தோலை வெட்டி, நல்ல மரம் தெரியும்வரை எடுத்து, காயவைத்து, புதியதை ஒட்டி, வெட்டிய விளிம்பைத் தோலின் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து மூடவேண்டும். கொழும்பில் இதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போதும் மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.