சீப்பை அவர்கள் கையிலேயே விடுங்கள்

பக்கவாதம் வந்து தேறியவரிடம் "முதலில் எது முடியணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், வீட்டார் முந்திக்கொண்டு "நடக்கணும் சார்" என்பார்கள். அவரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாம்பனில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "நானே சவரம் பண்ணிக்கணும்" என்றார். தங்கச்சிமடத்து அக்கா ஒருவருக்குத் தானே தலை வாரி ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொள்ள வேண்டும். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊரில் அவர் பூ வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இந்தக் கரையோர ஊர்களில் நான் பார்ப்பவர்களுக்கு நோய் வேறு வேறு. பக்கவாதம், நடுக்குவாதம் (பார்க்கின்சன்), பிறவியிலேயே மூளை முடக்குவாதம், சர்க்கரையால் மரத்துப்போன விரல்கள். வீட்டில் நடப்பது மட்டும் எங்கும் ஒன்றுதான். கை கொஞ்சம் தடுமாறியதும் யாராவது சீப்பை வாங்கித் தாங்களே சீவிவிடுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வேலை கொடுக்காத கை, இருக்கிற பழக்கத்தையும் இழக்கும். பராமரிக்க லேசு என்று பெண் பிள்ளையின் முடியை அவளைக் கேட்காமலே ஒட்ட வெட்டிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அழகாக இருக்க ஆசைப்படுவது கை நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் உரியதா என்ன?

கையைத் திருத்துவதற்கு முன் உட்காரும் விதத்தைத் திருத்துங்கள். நின்றுகொண்டு அலங்காரம் வேண்டாம். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், முன்னால் ஒரு மேசை. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் உள்ளவருக்கும் கை நன்றாகவே அடங்கும். கண்ணாடி சுவரில் உயரத்தில் தொங்காமல், மேசைமேல் முகத்துக்கு நேராகச் சாய்ந்து நிற்கட்டும்.

அடுத்தது பிடி. மெல்லிய சீப்பும் பிரஷ்ஷும் வலுவில்லாத கையில் நிற்காது. பழைய சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டலாம், அல்லது துணியைப் பட்டையாகக் கிழித்து இறுக்கிச் சுற்றலாம். மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண்ணிடம் இதை விளக்கத் தொடங்கியதுமே அவர் துணியை வாங்கிச் சுற்றிவிட்டார். பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றியே கடலில் இறங்குகிறவருக்கு நான் என்ன சொல்லித்தருவது! விரல் மடங்கவே மடங்காது என்றால், அகல எலாஸ்டிக்கை உள்ளங்கையைச் சுற்றி வளையமாகத் தைத்து, பிரஷ்ஷை அதில் செருகிவிடலாம்.

எண்ணெயைக் கடைசியில் தொடுங்கள். எண்ணெய்க் கையில் எந்தப் பிடியும் வழுக்கும். உப்புக்காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் முடி சிக்கு விழும் ஊர் இது. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும்.

மூடிப்போன கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் கவனிக்காத இடம் அது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிவிடும். உள்ளே வியர்வை தேங்கி நாற்றம் வரும், நகம் தோலில் குத்திப் புண்ணாகும். நேராக விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். விரல்கள் தானாகச் சற்றுத் தளரும். பிறகு கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து வெளியே நகர்த்துங்கள், மற்ற விரல்கள் பின்னாலேயே திறக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் போகத் துடைத்து, சுருட்டிய சின்னத் துணியை உள்ளங்கையில் வையுங்கள். தண்ணீரின் சூட்டை நல்ல கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும், மரத்த கைக்குச் சூடு தெரியாது. நகத்தைக் குளித்தபின் வெட்டினால் மிருதுவாக இருக்கும். நல்ல கையின் நகத்தை யார் வெட்டுவது என்று கேட்பார்கள். நகவெட்டியை ஒரு பலகையில் திருகி இறுக்கிவிட்டால், வராத கையின் பக்கவாட்டால்கூட அதன் பிடியை அழுத்த முடியும்.

சவரத்துக்கு பிளேடு வேண்டாம், டிரிம்மர் போதும். பக்கவாதம் வந்தவர்களில் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சின்ன வெட்டிலும் ரத்தம் நிற்க நேரமாகும். இன்னொன்று. மூளையின் வலப்பக்கம் பாதித்த சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. வலக் கன்னம் மழமழவென்று இருக்கும், இடக் கன்னத்தில் தாடி அப்படியே நிற்கும். பவுடர் பூசினாலும் பாதி முகத்தில்தான். சோம்பலும் இல்லை, கண் பார்வைக் குறையும் இல்லை. திட்டாதீர்கள். கண்ணாடிச் சட்டத்தின் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு சிவப்பு நாடா ஒட்டி, "அந்த நாடா வரைக்கும் பாருங்க" என்று நினைவூட்டுங்கள்.

கண்மை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கை ஆடுகிறவர் கூர்மையான பென்சிலைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். ஆசை இருந்தால் புருவத்துக்குப் போதும், கண்ணுக்கு மற்றவர் தீட்டிவிடலாம். முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். மரத்த விரலுக்குக் காரம் ஒட்டியிருப்பது தெரியாது, சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. குங்குமச் சிமிழைவிட ஸ்டிக்கர் பொட்டு சுலபம். அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்து வைத்தால் எடுக்க வரும். வளையலைச் சோப்பு போட்டு வீங்கிய கையில் திணிக்க வேண்டாம், திறந்து மூடும் வளையலாக வாங்குங்கள்.

உடை போடும்போது வராத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில். ரவிக்கைக்கு முன்பக்கம் வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொன்னால் ஊர்த் தையல்காரரே செய்துதருவார். சேலைக்குக் கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்துவிடலாம். கீழக்கரையில் ஒரு உம்மாவுக்குத் தலைத்துணியில் ஊசி குத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒரே துண்டாகத் தைத்த மக்கானா (தலையை மூடும் உடுப்பு) வாங்கியதோடு அது தீர்ந்தது.

நடுக்குவாதம் உள்ளவர்கள் மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து அலங்காரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மாத்திரை போட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் கை இளகும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் புது முறையைப் பழகாதீர்கள், வேலையில்லாத ஒரு சாயங்காலம் உட்காருங்கள். பொருள்களை எடுத்து வைப்பதும் மூடியைத் திறந்து தருவதும் வீட்டார் வேலை. சீவுவதும் பூசுவதும் அவருடையது. வகிடு கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கேட்டால் மட்டும் சரிசெய்யுங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் நடுக்குவாதமும் உண்டு. உதவிக் கருவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். யார் வந்தாலும் நடைப் பயிற்சியோடு அனுப்பிவிடாதீர்கள். "அவங்களே தலை சீவிக்கணும், அதுக்கு என்ன செய்யலாம்?" என்றும் கேளுங்கள்.